பாட்டுக்குள் இருந்த ஊர்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளுக்கு முன்னால் பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாடி வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். நம் தெருக்களிலிருந்து போகிறவர்களும் அவர்களில் உண்டு. திருவிழா முடிந்ததும் கழனிக்கும் செங்கல் சூளைக்கும் திரும்பிவிடுகிறார்கள். பாட்டு நமக்கு நினைவிருக்கிறது. பாடியவர் பெயர் நினைவில் இல்லை. அப்படி மறக்கப்பட்டு, எழுபது வயதில் மீண்டும் உலகத்தின் காதில் விழுந்த ஒரு கறுப்பின உழைப்பாளியின் வாழ்க்கையை இன்று அறிந்துகொள்வோம்.

அவர் பெயர் ஜான் ஹர்ட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1890களில் பிறந்தார். வளர்ந்தது அவலான் என்ற சிற்றூரில். படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. அம்மா வாங்கித் தந்த கிட்டாரில் ஒன்பது வயதிலேயே தானாக வாசிக்கக் கற்றார். கட்டைவிரல் தாளம் போட, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். பகலெல்லாம் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிடுவார். மாலையில் ஊர்க் கொண்டாட்டங்களில் பாடுவார்.

அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் பிள்ளைகள் உருவாக்கிய இசைதான் புளூஸ். உழைப்பு, பிரிவு, பசி, சிரிப்பு எல்லாம் அதில் உண்டு. 1928இல் அந்த வட்டாரத்து வெள்ளையர் பிடில் கலைஞர் ஒருவர் பரிந்துரைக்க, ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனம் ஹர்ட்டை மெம்பிசுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் அழைத்துப் பதிவு செய்தது. நியூயார்க்கில் அவர் பாடியவற்றில் ஒன்று தன் சொந்த ஊரான அவலானைப் பற்றியது. தட்டுகள் அதிகம் விற்கவில்லை. அடுத்த ஆண்டே பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஹர்ட் ஊருக்குத் திரும்பி மீண்டும் மண்வெட்டி பிடித்தார். அதன் பிறகு 35 ஆண்டுகள் அவரை யாரும் தேடவில்லை.

1952இல் வெளியான பழைய நாட்டார் பாடல் தொகுப்பு ஒன்றில் அவருடைய இரண்டு பாட்டுகள் இடம்பெற்றன. கேட்டவர்கள் வியந்தார்கள்; பாடியவர் உயிரோடு இருப்பதை அறியவில்லை. 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த அவலான் பாட்டையே அடையாளமாக வைத்துப் பழைய வரைபடத்தில் ஊரைக் கண்டுபிடித்து நேரில் போனார். ஹர்ட் அங்கேதான் இருந்தார். மாடு மேய்க்கும் கூலி வேலை. சொந்தமாக ஒரு கிட்டார்கூட இல்லை. தேடி வந்த வெள்ளைக்காரரைப் போலீஸ்காரரோ என்று அஞ்சினாராம்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் 1955இல் கொல்லப்பட்டது அவலானுக்கு அதிகத் தொலைவில்லாத பகுதியில்தான். கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. கறுப்பினத்தவர் உரிமைக்குப் போராடிய மெட்கர் எவர்ஸ் 1963 ஜூனில் அதே மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் ஹர்ட் அமர்ந்து பாடினார். அங்கே கூடியிருந்த இளைஞர்கள் கொண்டாடினார்கள்.

1966இல் வான்கார்டு நிறுவனம் 'டுடே' என்ற அவரது இசைத்தட்டை வெளியிட்டது. 12 பாட்டுகள், ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். இளமையில் பாடியவற்றில் சிலவும் அதில் உண்டு. வயது குரலைத் தணித்திருந்தது. விரல் தாளம் தவறவில்லை. அதே ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அவர் காலமானார். அவலானுக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2009ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அந்தத் தட்டைச் சேர்த்தது.

புகழோடு வாழ அவருக்குக் கிடைத்தது மூன்றே ஆண்டுகள். போன 35 ஆண்டுகளை எந்தப் பட்டியலும் திருப்பித் தராது. பாட்டில் ஊர்ப்பெயர் இல்லாதிருந்தால் அந்த மூன்றும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இன்று நம் மாணவர்கள் கையில் செல்பேசி இருக்கிறது. நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிகள், பம்பை அடிக்கும் தாத்தாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இசைவோடு பாட்டைப் பதிவு செய்யுங்கள். முதலில் அவர்கள் வாயாலேயே தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள்.