ஜான் எஃப். கென்னடி

ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடி (மே 29, 1917 – நவம்பர் 22, 1963) ஐக்கிய அமெரிக்காவின் 35ஆவது குடியரசுத் தலைவர் ஆவார். இளமையும் சுறுசுறுப்பும் மிக்கவராக உலகம் இவரை அறிந்திருந்தபோதிலும், இவரது வாழ்வின் பெரும்பகுதி நோயுடனேயே கழிந்தது.

இளமையும் நோயும்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் புருக்ளைன் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றினார். 1943 ஆகஸ்டில் சாலமன் தீவுகளுக்கருகே இவரது பி.டி.-109 படகை ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று மோதிப் பிளந்தது. முன்பே இருந்த முதுகுவலி இதன் பின்னர் கடுமையாயிற்று. 1944 இல் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை பலனளிக்கவில்லை.

1947 இல் இலண்டனில் நோயுற்றபோது, அட்ரினல் சுரப்பிகள் செயலிழக்கும் அடிசன் நோய் இவருக்கு இருப்பது கண்டறியப்பட்டது. அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் ஸ்டீராய்டு மருந்துகளைச் சார்ந்தே வாழ்ந்தார்.

1954 அறுவை சிகிச்சை

உடல் காயமுறும்போது நலமான அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அடிசன் நோயாளியிடம் இது நிகழ்வதில்லை. ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்காக நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொள்வோரிடமும் சுரப்பிகள் சுருங்கிவிடுவதால் இதே குறை ஏற்படலாம். அறுவையின்போது கூடுதல் மருந்து தராவிடில் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகக்கூடும். மருந்தின் அளவு மிகுந்தாலோ நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறையும். புண் ஆறவும் தாமதமாகும்.

அப்போது செனட்டராக இருந்த கென்னடி இந்த ஆபத்தை அறிந்தே அறுவைக்கு இணங்கினார். 1954 அக்டோபர் 21 இல் நியூயார்க்கில் இவரது முதுகெலும்பில் உலோகத் தகடு பொருத்தப்பட்டது. நோய்த்தொற்று ஏற்பட்டு நினைவிழந்தார். கத்தோலிக்க முறைப்படி இறுதிச் சடங்கும் செய்யப்பட்டது. எனினும் உயிர் பிழைத்தார். புண் ஆறாததால் 1955 பிப்ரவரியில் மீண்டும் அறுவை செய்து தகடு அகற்றப்பட்டது. மே மாதத்திலேயே செனட் அவைக்குத் திரும்ப முடிந்தது. ஓய்வுக் காலத்தில் உருவான இவரது நூல் 1957 இல் புலிட்சர் பரிசு பெற்றது.

மறைக்கப்பட்ட நோய்

1955 இல் அமெரிக்க அறுவை மருத்துவ இதழொன்று இந்நிகழ்வை 37 வயது ஆண் நோயாளி ஒருவரின் வரலாறாகப் பெயரின்றி வெளியிட்டது. 1960 தேர்தலில் இவரது தரப்பினர் அடிசன் நோய் இருப்பதை மறுத்தனர். வாக்காளர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி, மருத்துவ நூலகங்களில் யாரும் படிக்கக்கூடியதாகவே அப்போது இருந்தது. அந்நோயாளி கென்னடியே என்பதை 1967 இல் ஒரு மருத்துவர் எடுத்துக்காட்டினார்.

1961 சனவரியில் பதவியேற்ற கென்னடி, 1963 நவம்பர் 22 இல் டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடற்கூறு ஆய்வில் அட்ரினல் சுரப்பிகள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்திருந்ததை, அதில் பங்கேற்ற மருத்துவர்கள் 1992 இல் உறுதிப்படுத்தினர்.