வ. வே. சு. ஐயரும் குருகுலப் பந்தியும்

பொதிகை மலையினின்று இறங்கிவரும் தாமிரபரணியின் கரையிலே, அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே இருப்பது சேரமாதேவி. நூறாண்டுகளுக்கு முன் அவ்வூரில் நடந்த ஒரு பள்ளியின் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி எழுந்த விவாதம், தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. அப்பள்ளியை நிறுவியவர் தேசபக்தர் ஸ்ரீ வ. வே. சு. ஐயர். அதன் தலைமையினின்று விலகிய சில வாரங்களுக்குள், அதே ஆற்றின் அருவியில் அவர் உயிர் துறந்தார். அவருடைய வீரத்தைப் போற்றுவோர் பந்தி விவகாரத்தை மறைக்கின்றனர். அவ்விவகாரத்தைப் பேசுவோர் அவருடைய வீரத்தை மறந்துவிடுகின்றனர். இரண்டையும் சேர்த்துச் சொல்லுவதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம்.

ஐயர் 1881ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரி அவருடைய ஊர். திருச்சி அர்ச். சூசையப்பர் கலாசாலையில் கற்றுத் தேறி, வக்கீலாகி, பின்னர் ரங்கூன் சென்று, அங்கிருந்து 1907இல் பாரிஸ்டர் பட்டத்துக்காக லண்டன் சேர்ந்தார். பணமும் பதவியும் தேடிப் போனவர் அங்கே இந்தியா விடுதியில் ஸ்ரீ சாவர்க்கரின் நட்பைப் பெற்றுப் புரட்சி வீரரானார். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து பெறும் பட்டம் வேண்டாமென்று அதை உதறினார். 1910இல் போலீசார் தேடியபோது, சீக்கியரைப் போல் வேஷம் பூண்டு லண்டனினின்று தப்பினார். பெட்டியில் பொறித்திருந்த தம் பெயரின் முதலெழுத்துக்களுக்கு ஏற்ப ஒரு சீக்கியப் பெயரை அந்தக் கணத்திலேயே புனைந்து ஒற்றரை ஏமாற்றினார் என்று சொல்லுவர். அவ்வருஷ முடிவில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அங்கே பாரதியாரும் அரவிந்தரும் அவருக்குத் தோழர்கள். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டு வீழ்த்திய வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்று பல சரித்திராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் கையில் துப்பாக்கியைவிட நெடுங்காலம் இருந்தது எழுதுகோலேயாகும். குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மணமகன் வீட்டாரின் பணத்தாசையால் அழிந்த ஒரு பெண்ணின் கதையைக் குளத்தங்கரை அரசமரம் என்ற சிறுகதையாக்கினார். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. முதல் மகாயுத்தம் முடிந்தபின் தாயகம் திரும்பித் தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியரானார். அதில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று, ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறையில் கிடந்தார். அச்சிறையில் அவர் எழுதியதுதான் கம்பராமாயண ஆராய்ச்சி.

பலாத்காரப் புரட்சியினின்று காந்தியடிகளின் நிர்மாணத் திட்டத்துக்குத் திரும்பிய அந்த வீரர், விடுதலைக்குப் பின் தமக்கென மேற்கொண்ட பணி கல்விப்பணி. அடிமைத்தனத்தைப் பயிற்றும் பள்ளிகளை விட்டு, தாய்மொழியில் இலக்கியமும் சாஸ்திரமும் கலையும் உடற்பயிற்சியும் கற்பித்துப் புதிய தமிழ் இளைஞரை உருவாக்க அவர் விரும்பினார். கல்லிடைக்குறிச்சியில் 1922இல் ஆரம்பித்த அந்தத் தமிழ்க் குருகுலம், பின்னர் சேரமாதேவியில் நிலைபெற்றது. பொதுமக்கள் நன்கொடை தந்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பதினாயிரம் ரூபாய் தர இசைந்து, முதற் பகுதியாக 5,000 ரூபாயைக் கொடுத்தது.

இந்த இடத்தில்தான் வினை விளைந்தது. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து வாழ்ந்த அக்குருகுலத்தில், இரண்டு பிராமணச் சிறுவர்களின் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குத் தனியே உணவிட வேண்டுமென்று கேட்டனர். ஐயர் இணங்கி வாக்களித்துவிட்டார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக விளங்கிய ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே பயின்றான். அச்சிறுவன் வாயிலாகவே செய்தி வெளியே பரவிற்று என்பர். உணவின் தரத்திலும் வேறுபாடு உண்டென்ற புகாரும் எழுந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தமது பத்திரிகையிலும் மேடையிலும் இதைக் கண்டித்துப் பெருங் கிளர்ச்சி செய்தார். ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி நாயக்கர் அவருக்குத் துணை நின்றார். தேசத்தின் பணத்தால் நடக்கும் பள்ளியில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

காந்தியடிகளிடம் விஷயம் சென்றது. எல்லாரும் ஒரே பந்தியில் உண்பதே தக்கது. ஆயினும் முன்னரே வாக்குக் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட இருவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். இனிமேல் அவ்விதம் எவரையும் சேர்க்கலாகாது என்ற கருத்தை அவர் தெரிவித்தார். இருவர் விஷயத்தில் அனுமதித்தாலும் கொள்கை போயிற்றே என்று எதிர்ப்பாளர் அதனை ஏற்கவில்லை. தேசிய இயக்கத்தில் சேர்ந்த ஸ்தாபனங்கள் பிறப்பைக் கொண்டு ஏற்றத்தாழ்வு பாராட்டலாகாது என்று 1925இல் காங்கிரஸ் கமிட்டி ஸ்ரீ எஸ். ராமநாதனின் முயற்சியால் தீர்மானித்தது. அதனால் ராஜாஜி முதலியோர் கமிட்டியினின்று விலகினர். அவ்வருஷம் ஏப்ரலில் ஐயரும் குருகுலத் தலைமையைத் துறந்தார். மகாதேவ ஐயர் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வருஷக் கடைசியில் காஞ்சிபுரத்து மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் இடம்பெறாமற் போகவே, ராமசாமி நாயக்கர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கு முன்னரே மனம் முறிவதற்குச் சேரமாதேவிப் பந்தி முக்கிய காரணமாயிற்று என்பதில் ஐயமில்லை.

அந்த முடிவைக் காண ஐயர் இல்லை. 1925 ஜூன் மாதத்தில் பிள்ளைகளுடன் பாபநாசத்து மலைக்குச் சென்றபோது, கலியாண தீர்த்தத்தில் அவருடைய மகள் சுபத்திரை நீரில் வீழ்ந்தாள். அவளைக் காக்கப் பாய்ந்த தந்தையும் உடன் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

ஐயர் ஜாதித் திமிர் உடையவர் அல்லர். லண்டனிலும் பாரிஸிலும் புதுச்சேரியிலும் எல்லாருடனும் உண்டு வாழ்ந்தவர் அவர். ஆகையால்தான் அவருடைய பிழை நமக்குப் பெரும் பாடமாகிறது. தீய எண்ணம் உடையவர் செய்யும் பேதத்தை எவரும் எளிதில் அறிந்து எதிர்க்கலாம். நல்லவர் தாட்சண்யத்துக்காகச் செய்யும் பேதமோ நல்லது போலவே தோன்றும். இரு பெற்றோரின் மனம் நோகாதிருக்க அவர் இடம் கொடுத்தார். அடுத்த பந்தியில் அமர்ந்த மற்றச் சிறுவர்களின் மனம் நோகுமென்பதை எண்ணவில்லை. பந்தி வஞ்சனை என்று நம் முன்னோர் பழித்தது ஒருவனுக்கு நெய்யும் ஒருவனுக்கு நீரும் வார்ப்பதை. ஒரே குழம்பையும் ஒரே சோற்றையும் இரண்டு இடத்தில் பரிமாறினாலும் அது வஞ்சனையே. தனியே உட்காரவைப்பதே, நீ தாழ்ந்தவன் என்று சொல்லாமற் சொல்லுவதாகும்.

இவ்வுண்மையை அமெரிக்க நாடு ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. சமமான வசதி இருந்தால் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நிழலில் தென் மாகாணங்களின் பள்ளிகள் இரண்டாய்ப் பிரிந்தே கிடந்தன. பள்ளிக் கல்வியில் பிரித்துவைப்பதே சமமின்மை என்று அதே நீதிமன்றம் கண்டது 1954 மே 17ஆம் தேதியில். அதன்பின்னும் 1957இல் லிட்டில் ராக் நகரத்துப் பள்ளியில் ஒன்பது கறுப்பு மாணவரைச் சேர்க்க, ஜனாதிபதி ஐசனோவர் பட்டாளத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அமெரிக்க நீதிபதிகள் அக்கேள்விக்கு விடை காண்பதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் முன்பே, சேரமாதேவியை முன்னிட்டுத் தமிழ்நாட்டார் அதை எழுப்பி விடையும் கண்டனர். இதில் நாம் பெருமை கொள்ளலாம். விடை முழுவதும் நிறைவேறாததில் வெட்கமும் கொள்ள வேண்டும்.

நிறைவேறிய பகுதி சிறிதன்று. தீண்டாமையை அரசியல் சாசனம் 1950இல் ஒழித்தது. அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த எட்டயபுரத்தில், பாரதியார் பிறந்த அவ்வூரிலே, 1956இல் ஸ்ரீ காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு குருகுலத்தில் நடக்காத ஸமபந்தி, ஒரு மாகாணத்தின் பள்ளிகளில் நாள்தோறும் நடக்கத் தொடங்கிற்று. ஆனால் அதே ஜில்லாவின் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் உடன் படித்தவர்களாலேயே அவன் வீட்டில் அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்கப்போன தங்கையும் காயமுற்றாள். அதன் விளைவாக அமைந்த நீதியரசர் சந்துரு குழு, ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டுமென்பது உள்ளிட்ட பல யோசனைகளை 2024இல் சர்க்காரிடம் அளித்தது. அன்று பந்தியில் இருந்த கோடு, மாணவர் மணிக்கட்டில் கயிறாக வந்துவிட்டது.

இந்தக் கயிற்றை அறுப்பது சட்டத்தால் மாத்திரம் ஆகாது. தொண்டர்களாகிய நாம் ஒவ்வொரு நாளும் ஐயர் நின்ற இடத்தில் நிற்கிறோம். ஓர் ஊர்ப் பெரியவர் கேட்கிறார், ஒரு நன்கொடையாளர் கேட்கிறார், ஒரு பெற்றோர் கேட்கிறார். இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் விட்டுக்கொடுங்கள் என்கிறார். காரியம் நடக்கட்டும் என்று நாமும் இசைகிறோம். ஐயரைவிடப் பெரிய தியாகி நம்மில் எவர்? அவருக்கே அந்த இசைவு நன்மை தரவில்லையெனில், நமக்கு எப்படித் தரும்? மகளைக் காக்க ஆற்றில் பாயும்போது ஆழம் பார்க்காத அந்தத் தந்தையின் துணிவு, பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்துவதில் நமக்கு வேண்டும். அவருடைய வாழ்வுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே.