அடுத்த நிலையத்தைக் காட்டியவர்

கிள்ளானில் கொமுட்டர் இரயிலில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள கே.எல். சென்ட்ரலுக்குச் செல்பவர்கள், பெட்டியின் கதவுக்கு மேலே இருக்கும் வழித்தடப் படத்தைப் பார்த்திருப்பார்கள். புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலம் என நிலையங்களின் பெயர்கள் ஒரே நேர்க்கோட்டில் சீரான இடைவெளியில் இருக்கும. உண்மையில் இரயில் பாதை வளைந்து செல்கிறது. நிலையங்களுக்கு இடையிலான தூரமும் ஒன்றுபோல் இல்லை. ஆயினும் பயணிகள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அடுத்து வரும் நிலையம் எது, எங்கே இறங்க வேண்டும், எங்கே வேறு இரயிலுக்கு மாற வேண்டும் என்பவையே அவர்களுக்குத் தேவை. பயணிகளின் இந்தத் தேவையை உணர்ந்து, எளிய கோடுகளால் அதற்கு விடை கண்டவர் ஹேரி பெக் என்ற ஆங்கிலேயர்.

உலகின் முதல் நிலத்தடி இரயில் சேவை 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் இலண்டனில் தொடங்கியது. தரைக்கு மேலே ஓடும் இரயிலில் செல்பவர் சன்னல் வழியே வெளியே பார்த்து, தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை அறிந்துகொள்ளலாம். நிலத்தடியிலோ சன்னலுக்கு வெளியே இருளும் சுவரும் மட்டுமே தெரியும். இதனால் இறங்க வேண்டிய இடத்தைத் தவற விடுவோமோ என்ற அச்சம் பயணிகளுக்கு இருந்தது. சில இரயில்களில் பணியாளர்கள் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் உரக்கக் கூவி அறிவித்தனர்.

இச்சிக்கலைத் தீர்க்க இயந்திரத்தின் உதவியையும் நாடினர். இலண்டனின் மெட்ரோபொலிட்டன் இரயில் நிறுவனம் சில இரயில்களில் அடுத்த நிலையத்தின் பெயரைக் காட்டும் இயந்திரக் கருவிகளைப் பொருத்தியது. தண்டவாளங்களுக்கு இடையில் மரத் தகடு ஒன்று இருக்கும். இரயில் அதைக் கடந்து செல்லும்போது கருவி இயங்கி அடுத்த பெயரைக் காட்டும். எண்ணம் நல்லதுதான், ஆனால், அக்கருவி எல்லா நேரமும் சரியாக இயங்கும் என நம்ப முடியவில்லை. தவறான பெயரைக் காட்டும் கருவி, கருவியே இல்லாததைவிட அதிகக் குழப்பத்தைத் தரும் அல்லவா? எனவே, எல்லா இரயில்களிலும் அதனைப் பொருத்தும் திட்டம் ஏற்கப்படவில்லை. இந்தச் சிக்கலுக்கு ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு விடை தேடியவர்தான் பெக்.

ஹென்றி சார்லஸ் பெக் என்பது அவரது முழுப்பெயர். அவர் 1902ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் கிழக்கு இலண்டனில் உள்ள லேய்ட்டன் என்ற பகுதியில் பிறந்தார். இளைஞரானதும் பொறியியல் வரைவாளராகப் பயிற்சி பெற்றார். 1925ஆம் ஆண்டில் இலண்டன் நிலத்தடி இரயில் நிறுவனத்தின் சமிக்ஞைப் பிரிவில் தற்காலிக வேலையில் சேர்ந்தார். சமிக்ஞை விளக்குகளுக்கு மின்சாரம் செல்லும் வழிகளைத் தாளில் வரைவது அங்கு அவரது பணிகளுள் ஒன்று. மின்சுற்றுப் படத்தில் கம்பியின் உண்மையான நீளமோ வளைவோ காட்டப்படுவதில்லை. எது எதனோடு இணைகிறது என்பதையே அது காட்டும். இத்தகைய படங்களை வரைந்து பழகிய கை, பின்னர் இலண்டன் நகருக்கே பயன்பட்டது.

அக்காலத்தில் இலண்டன் நிலத்தடி இரயிலுக்கு வரைபடமே இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தடத்திற்கும் தனி நிறம் கொடுத்து வரையப்பட்ட சட்டைப்பை அளவிலான படங்கள் ஏற்கனவே வெளிவந்திருந்தன. ஆனால், அவை நகரின் நிலப்படத்தை ஒட்டியே வரையப்பட்டிருந்தன. நகரின் நடுவில் நிலையங்கள் மிக நெருக்கமாக இருந்ததால், அங்கே பெயர்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. புறநகரில் நிலையங்கள் தொலைவில் இருந்ததால், சில பகுதிகள் தாளின் எல்லைக்குள் அடங்கவில்லை. தடங்கள் நீள நீளப் படம் மேலும் சிக்கலானது. உலக வரைபடத்தைப்போல் அதைக் கூர்ந்து ஆராய வேண்டியிருந்தது. இரயிலைப் பிடிக்க ஓடும் பயணிக்கு அதற்கு நேரம் ஏது?

1931ஆம் ஆண்டு நாட்டில் பொருளாதார மந்தநிலை நிலவியது. நிறுவனம் செலவைக் குறைத்தபோது பெக் வேலை இழந்தார். அப்போது அவருக்கு வயது 29. வேலையின்றி இருந்த அந்நாளில்தான் அவர் ஒரு பயிற்சிப் புத்தகத்தின் தாளில் தமது எண்ணத்தைக் கோடுகளாக வரைந்தார். யாரும் அவரிடம் அப்பணியைக் கொடுக்கவில்லை. அதற்கு ஊதியமும் இல்லை. நிலத்தடியில் பயணம் செய்பவருக்கு மேலே உள்ள சாலைகளும் வளைவுகளும் எதற்கு என்ற கேள்வியே அவரை வழிநடத்தியது.

பெக் சில எளிய விதிகளை வகுத்துக்கொண்டார். எல்லாத் தடங்களையும் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்வுக்கோடு ஆகிய மூன்று வகைக் கோடுகளால் மட்டுமே வரைந்தார். நெரிசல் மிகுந்த நகரின் நடுப்பகுதியைப் பெரிதாக்கி, தொலைவில் உள்ள புறநகர்ப் பகுதிகளைச் சுருக்கினார். நிலையங்களுக்கு இடையே ஏறத்தாழ ஒரே அளவு இடைவெளி விட்டார். சாதாரண நிலையங்களைத் தடத்திலிருந்து நீளும் சிறு கோட்டாலும், தடம் மாறும் நிலையங்களைத் தனிக் குறியாலும் காட்டினார். நிறங்களை மட்டும் பழைய படங்களில் இருந்தவாறே பயன்படுத்திக்கொண்டார். தரைக்கு மேலே உள்ளவற்றில் தேம்ஸ் நதி ஒன்றையே விட்டுவைத்தார். நதிக்கு வடக்கா, தெற்கா என்பது தெரிந்தால் இலண்டன்வாசிக்குத் திசை புரிந்துவிடும்.

பெக் அப்படத்தை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு அனுப்பினார். அப்பிரிவினர் அதனை ஏற்கவில்லை. உண்மையான தூரத்தைக் காட்டாத வரைபடம் மக்களைக் குழப்பிவிடும் என அவர்கள் கருதினர். பழகிய முறையை விட்டு அது மிகவும் விலகியிருந்தது. பெக் மனம் தளரவில்லை. மறு ஆண்டு அதை மீண்டும் அனுப்பினார். இம்முறை கதவு சற்றுத் திறந்தது. 1932ஆம் ஆண்டு, சோதனைக்காக 500 படிகள் மட்டும் அச்சிடப்பட்டுச் சில நிலையங்களில் வழங்கப்பட்டன. பயணிகள் அதை விரும்பி வாங்கிச் சென்றனர்.

1933ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பெக்கின் படம் ஏறத்தாழ ஏழு லட்சம் படிகள் அச்சிடப்பட்டுப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. புதிய அமைப்பைப் பற்றிக் கருத்துத் தெரிவிக்குமாறு அதன் அட்டையிலேயே மக்களைக் கேட்டுக்கொண்டனர். மக்கள் அளித்த பதில் தெளிவாக இருந்தது. விரைவிலேயே மீண்டும் அச்சிட வேண்டிய நிலை ஏற்பட்டது. வல்லுநர்கள் ஐயத்தோடு பார்த்த படத்தைச் சாதாரணப் பயணிகள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர்.

இப்படத்தில் ஒரு குறையும் உண்டு. இலண்டனில் லெஸ்டர் சதுக்கம், கோவென்ட் கார்டன் ஆகிய இரு நிலையங்களுக்கும் இடையில் உள்ள தூரம் ஏறத்தாழ 260 மீட்டர்தான். நடந்தே சென்றுவிடலாம். ஆனால், படத்தை மட்டும் நம்பும் வெளியூர்க்காரர் அதற்கும் சீட்டு வாங்கி இரயிலில் ஏறுவார். தூரத்தை அறிய நினைப்பவருக்கு இப்படம் உதவாது. பெக் இதை அறியாதவர் அல்லர். ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்ட முயன்றால் எதுவும் தெளிவாகத் தெரியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எதைக் காட்ட வேண்டும் என்பதைப் போலவே, எதை விட்டுவிட வேண்டும் என்பதையும் அவர் துணிந்து முடிவு செய்தார்.

இவ்வளவு பயனுள்ள படைப்புக்குப் பெக் பெற்ற கூலி சில கினிகள் மட்டுமே. ஒரு கினி என்பது அன்றைய ஒரு பவுண்டு ஒரு சில்லிங்கிற்குச் சமம். படத்தின் உரிமை நிறுவனத்திடம் சென்றது. ஆனால், படத்தில் வருங்காலத்தில் செய்யப்படும் மாற்றங்களைத் தம்மைக் கொண்டே செய்வார்கள் என்று பெக் நம்பினார். புதிய தடங்களும் நிலையங்களும் சேர்க்கப்பட்டபோதெல்லாம் அவர் படத்தைத் திருத்தி வரைந்தார். ஒரு கோட்டை நகர்த்தினால் அதைச் சுற்றியுள்ள பல கோடுகளையும் பெயர்களையும் இடம் மாற்ற வேண்டும். கணினி இல்லாத அக்காலத்தில் அவை அனைத்தும் கையால் செய்யப்பட்டவை. 1947ஆம் ஆண்டு முதல் அவர் இலண்டன் அச்சுக்கலைப் பள்ளியில் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார். ஆயினும், வரைபடத்தை மேம்படுத்தும் பணியை அவர் கைவிடவில்லை. பாரிஸ் நகர மெட்ரோவுக்கும் அதே முறையில் ஒரு படம் வரைந்தார், அது ஏற்கப்படவில்லை.

1960ஆம் ஆண்டு பெக்கின் வாழ்வில் பெரும் ஏமாற்றத்தைக் கொண்டு வந்தது. அவர் வரையாத புதிய படம் ஒன்று நிலையங்களில் ஒட்டப்பட்டது. அதில் வேறொருவரின் பெயர் இருந்தது. அமைப்பின் அடிப்படை பெக்குடையதாக இருந்தும், அவரைக் கலந்து பேசாமலே அது வெளியிடப்பட்டிருந்தது. கூர்மையான வளைவுகளும் நெருக்கமான எழுத்துகளும் கொண்ட அப்படம் பயணிகளைக் கவரவில்லை. சில ஆண்டுகளிலேயே அதை நீக்கிவிட்டு, பெக்கின் முறையை ஒட்டி மற்றொருவர் வரைந்த படத்தை வெளியிட்டனர். தம் படத்தின் மீதான உரிமையை நிலைநாட்டப் பெக் பல ஆண்டுகள் கடிதங்கள் எழுதிப் போராடினார். அவர் கேட்டது பெரும் பணம் அன்று. தம் படைப்பைத் தாமே தொடர்ந்து செப்பனிடும் வாய்ப்பைத்தான் கேட்டார். புதிதாக வரவிருந்த விக்டோரியா தடத்தைச் சேர்த்து அவர் வரைந்து காட்டிய படமும் ஏற்கப்படவில்லை. இறுதியில் அவர் போராட்டத்தைக் கைவிட்டார்.

ஹேரி பெக் 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், தமது 72ஆம் வயதில் காலமானார். நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் அவரது முறையில் அமைந்த படத்தைப் பார்த்து வழி அறிந்தனர். அவரது பெயரை அறிந்தவர்களோ மிகச் சிலரே.

காலம் மெல்ல அவருக்கு நீதி வழங்கியது. 1994ஆம் ஆண்டு அவரது வரைபடத்தின் வரலாறு நூலாக வெளிவந்தது. 1997ஆம் ஆண்டில் அவரது பங்கு முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்று இலண்டன் நிலத்தடி இரயில் வரைபடத்தில், 1931ஆம் ஆண்டு ஹேரி பெக் உருவாக்கிய அமைப்பிலிருந்து அது வளர்ந்தது என்னும் குறிப்பு அச்சிடப்படுகிறது. 2006ஆம் ஆண்டு பிரிட்டனின் சிறந்த வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்க நடந்த வாக்கெடுப்பில், கொன்கோர்ட் விமானத்திற்கு அடுத்து இரண்டாம் இடத்தை இவ்வரைபடம் பெற்றது. 2013ஆம் ஆண்டு அவர் பிறந்த வீட்டில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

பெக்கின் முறை இலண்டனோடு நின்றுவிடவில்லை. 1939ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர் அதைப் பின்பற்றியது. பின்னர் உலகின் பல நகரங்கள் அதனைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டன. நம் நாட்டிலும் அதன் தாக்கத்தைக் காணலாம். 1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளான் வட்டாரத்திற்கும் இடையே முதல் இரயில் ஓடியபோது இருந்தது ஒரே தடம்தான். அதற்கு வரைபடம் தேவைப்படவில்லை. 1995ஆம் ஆண்டில் கொமுட்டர், அதற்கு அடுத்த ஆண்டில் எல்.ஆர்.டி., 2003ஆம் ஆண்டில் மோனோரயில், பின்னர் எம்.ஆர்.டி. எனச் சேவைகள் பெருகின. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் இரயில் தடங்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை நிறக்கோடுகளாலும் சாய்வுக்கோடுகளாலும் மாறும் நிலையங்களுக்கான குறிகளாலும் காட்டும் ஒரே தாளில், பெக்கின் கைவண்ணம் மறைந்திருக்கிறது.

இன்று எம்.ஆர்.டி. இரயில்களின் கதவுக்கு மேலே உள்ள மின்திரைகள் அடுத்து வரும் நிலையத்தைக் காட்டுகின்றன. மரத் தகட்டால் இயங்கிய பழைய கருவி செய்ய முயன்று தோற்ற வேலையை மின்னணுக் கருவி இப்போது திறம்படச் செய்கிறது. ஆனால், அத்திரையில் தோன்றும் நேர்க்கோடும் சீரான இடைவெளியும் வேலையில்லாத ஓர் இளைஞர் பயிற்சிப் புத்தகத்தில் வரைந்த எண்ணத்தின் தொடர்ச்சியே. பிறருடைய சிரமத்தைக் கூர்ந்து கவனித்து, தமக்குத் தெரிந்த கலையைக் கொண்டு அதை நீக்க முயன்றவர் ஹேரி பெக். பாராட்டு தாமதமாக வந்தாலும், அவர் காட்டிய வழியில் மக்கள் அன்றும் பயணம் செய்தார்கள். இன்றும் பயணம் செய்கிறார்கள்.