தங்க வயலில் வளர்ந்த குவோங் டார்ட்



ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி 1850-களில் தென்சீனத்துக்கு எட்டியது. ஏழை விவசாயிகள் கப்பல் கூலிக்குக் கடன்பட்டு வந்தார்கள். கிடைத்த தங்கத்தில் முதல் பங்கு கடனுக்கே போயிற்று. இருப்பிடம் துணிக் கூடாரம். வேலையோ, வெள்ளைக்காரர் அலசிவிட்டுப் போன மண்ணை மறுபடியும் அலசுவது. அதுவும் பொறுக்கவில்லை. 1861-ல் லாம்பிங் பிளாட் என்ற இடத்தில் கும்பலாகத் திரண்டு வந்து, அவர்கள் கூடாரங்களைக் கொளுத்தினார்கள், தலைப்பின்னலையும் அறுத்தார்கள்.

அந்தக் காலத்தில்தான், 1859-ல், ஒன்பது வயதுப் பையன் குவோங் டார்ட் உறவினருடன் பிரெய்ட்வுட் தங்க வயலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஸ்காட்லாந்துக்காரர் கடையில் வளர்ந்ததால் அவருடைய ஆங்கிலத்தில் ஸ்காட்லாந்து வாடை வீசுமாம்! பிறகு சிம்சன் குடும்பத்தார் அவரைப் பிள்ளைபோல் வளர்த்தார்கள். திருமதி சிம்சன்தான் எழுத்தறிவித்தவர். சுரங்கப் பங்குகளும் கைகொடுத்தன; 18 வயதிலேயே செல்வந்தரானார். 1877-ல் அவ்வூர்ப் பள்ளிக்கூட வாரியத்தில் உறுப்பினராகவும் அமர்ந்தார்.

பின்னர் சிட்னியில் தேநீர்க் கடைகள் வைத்துப் பெரும்புகழ் பெற்றார். நோயுற்ற வேலையாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்த முதலாளி அவர்.

ஆனால் பணம் வந்தபின் தம் மக்களை மறந்தாரா? இல்லை. 1883-ல் அரசாங்கம் கேட்டுக்கொண்டபடி, போலீஸ் அதிகாரி ஒருவரோடு நாரண்டெரா, வாகா வாகா முதலிய ஊர்களின் சீனர் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்தார். குடும்பத்தைப் பிரிந்து, தனிமையில் உழைத்துக் களைத்தவர்கள் அபினில் மூழ்கிக் கிடந்தார்கள். சம்பாதித்த காசெல்லாம் புகையாய்ப் போயிற்று. அபின் இறக்குமதியைத் தடுக்கும்படி மகஜர் தயாரித்து ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார். அபின் வரியால் அரசாங்கத்துக்கு நல்ல வருமானம். அதனால் பலன் இல்லை. 1887-ல் மீண்டும் மகஜர் கொடுத்தார். மறு ஆண்டோ, வந்திறங்கும் சீனர்மீது இருந்த தலைவரி 10 பவுனிலிருந்து 100 பவுனாக உயர்ந்தது! அப்போதும் அவர் ஓயவில்லை. ஆங்கிலம் தெரியாத சீனருக்காகப் பேசியும் மொழிபெயர்த்தும் உதவி வந்தார்.

1902-ல் திருடன் ஒருவன் அவரை இரும்புத் தடியால் தாக்கினான். உடல்நலம் குன்றி, 1903 ஜூலை 26-ல் காலமானார்.

புகைக்கும் அபினுக்கு ஆஸ்திரேலியா முழுவதும் 1906-ல் தடை வந்தது. பார்க்க அவர் இல்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டவர் அவர்.

மாணவர்களே, தங்கம் தோண்டியவர்கள் ஆயிரமாயிரம் பேர். தாம் கற்ற எழுத்தைத் தம் மக்களின் வாயாக ஆக்கியதால்தான் இவர் பேர் இன்றும் நிற்கிறது. பரிசு வாங்கும் பிள்ளைகள் இதை மனத்தில் வையுங்கள்.