முதியோருக்காகக் கூடை ஏந்திய ஜீன் ஜூகன்

கடலை நம்பி வாழும் ஊரில் முதுமை விரைவில் வந்து சேர்கிறது. வலை இழுத்த தோள் தளர்ந்தபின், பிள்ளைகளின் கையையே பெற்றோர் எதிர்பார்க்கின்றனர். அந்தக் கையும் தூரதேசம் சென்றுவிட்டால் அவர்களுக்குத் துணை யார்? மண்டைதீவில் பிறந்த எனக்கு இக்கேள்வி நூலிற் கற்ற கேள்வியன்று. 1990ஆம் ஆண்டின் போரும் இடப்பெயர்வும் எங்கள் தீவைச் சிதறடித்தன. மீண்டும் திரும்பியவர்களில் முதியோர் பலர். அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. பணத்தைக் கொண்டு மருந்து வாங்கிவரும் ஆள்தான் இல்லை. இதனை நினைக்குந்தோறும், இதே போன்றதொரு கடற்கரை ஊரிற் பிறந்து, முதியோருக்காகவே வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியின் வரலாறு என் நெஞ்சில் எழுகிறது.

பிரான்சு தேசத்தின் வடமேற்குக் கரையில் கான்கால் என்பது ஒரு மீனவர் ஊர். அங்கே 1792ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் ஜீன் ஜூகன் பிறந்தார். அவருக்கு நான்கு வயது நிறைவதற்கு முன்னரே, கடல்மேற் சென்ற தந்தை திரும்பவில்லை. தாயார் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். ஜீன் தமது பதினாறாம் வயதளவில் ஒரு செல்வர் மாளிகையிற் சமையற் பணிப்பெண்ணாக அமர்ந்தார். மாலுமி ஒருவர் மணம் பேசி வந்தபோது இணங்கவில்லை. இருபத்தைந்தாம் வயதில் அருகிலிருந்த சான் செர்வான் நகருக்குச் சென்று, மருத்துவமனையில் நோயாளருக்குத் தொண்டு செய்தார். பின்னர் ஒரு மூதாட்டியின் இல்லத்திற் பன்னிரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தார்.

கடல் விழுங்கிய ஆடவரின் தாய்மாரும் கைம்பெண்களும் அந்நகரத் தெருக்களிற் பிச்சையெடுத்துத் திரிந்த காலம் அது. 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஆன் ஷோவான் என்னும் கண்பார்வையற்ற கிழவியை ஜீன் தமது சிறு குடியிருப்புக்குத் தூக்கிவந்தார். தமது படுக்கையை அவருக்கு அளித்துவிட்டுத் தாம் கூரையடிப் பரணிற் படுத்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தேழு. சேமிப்பும் பெரிதன்று, செல்வாக்கும் கிடையாது. ஒருவரைத் தொடர்ந்து மற்றொருவர் வந்தனர். இரண்டாண்டுகளிற் பன்னிருவர்க்கு இடமளிக்கும் வீடு வேண்டியதாயிற்று. அதன் பின் ஒரு பழைய கன்னிமடத்தையே வாங்க வேண்டியதாயிற்று.

இத்தனை பேருக்கு உணவு எங்கிருந்து வந்தது? ஜீன் கண்ட வழியே அவருடைய பெருமைக்கெல்லாம் காரணம். அம்முதியவர்கள் முன்பு எந்தெந்த வாயில்களிற் கையேந்தி நின்றார்களோ, அந்த வாயில்களுக்குத் தாமே கூடையோடு சென்றார். அவர்கள் இனித் தெருவில் நிற்க வேண்டா, அவர்களுக்குரியதை நான் வாங்கிச் செல்கிறேன் என்பதே அவர் செயலின் பொருள். பிச்சையின் நாணத்தை முதியோரிடமிருந்து எடுத்துத் தம் தலைமேற் சுமந்துகொண்டார். பணம் மட்டுமன்றி, மிஞ்சிய உணவு, விறகு, கம்பளித் துணி யாவற்றையும் ஏற்றார். ஒருமுறை சினங்கொண்ட ஒருவர் அவரை அறைந்தபோது, இது எனக்கு உரியது, என் ஏழைகளுக்குரியதை இனித் தாருங்கள் என்ற கருத்திற் பணிவோடு கேட்டாராம்.

1845ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கலைக்கழகம் அவருக்கு மூவாயிரம் பிராங்கு கொண்ட மோந்தியோன் பரிசை வழங்கியது. ஆயினும் புகழ் வந்த அவ்வேளைக்கு முன்னரே இன்னலும் வந்திருந்தது. 1843இல் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தெரிந்தெடுத்தனர். குருவாகிய லெ பாய்யர் அத்தெரிவைத் தள்ளிவிட்டு, இளையவரான மரி ஜாமே என்பவரைத் தலைவியாக்கினார். காலப்போக்கில் அக்குருவே சபையை நிறுவியவர் என்று கற்பிக்கப்பட்டது. 1852ஆம் ஆண்டளவில் ஜீன் வெளிப்பணியிலிருந்து முற்றாக விலக்கப்பட்டார். அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள் அவர் ஒதுங்கி வாழ்ந்தார். உடன் வாழ்ந்த இளஞ்சகோதரிகளும் அவரே நிறுவுநர் என்பதை அறியவில்லை. அவர் முறையிடவுமில்லை, வெளியேறவுமில்லை.

எனினும் 1865இல் ஒரு பெரிய வினா எழுந்தது. நிலையான வருமானம் தரும் முதலீடுகளைச் சபை ஏற்கலாமா? அப்போது அவரையும் அழைத்துக் கருத்துக் கேட்டனர். அவர் வேண்டாமென்றார். நாள்தோறும் மக்களின் ஈகையை நம்பியே இல்லங்கள் நடக்க வேண்டும் என்ற அந்த முடிவைச் சபை மேற்கொண்டது. 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில் ஜீன் காலமானார். அன்று சபையில் ஏறத்தாழ 2,400 சகோதரிகள் இருந்தனர். 1882இல் அவர்கள் கல்கத்தாவுக்கும் 1888இற் கொழும்புக்கும் வந்தனர். மறைக்கப்பட்ட உண்மை பின்னர் வெளிப்பட்டது. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நிலைநிதி வேண்டாமென்ற அவர் முடிவு எல்லார்க்கும் பொருந்துமென்று நான் சொல்லேன். கூடை தூக்கும் துறவியர் கூட்டம் ஒன்று அவரிடம் இருந்தது; நம் கிராமங்களில் அஃதில்லை. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைக் காக்க ஒரு தேசிய சபையையும் நிதியத்தையும் ஏற்படுத்தியது. அரசின் கடமையை அரசு செய்தே ஆகவேண்டும். ஆனால் அந்தப் பெண்மணி அறிந்த ஓர் உண்மையை நாம் மறத்தல் கூடாது. ஒரு பெருந்தொகை ஒருநாள் வந்து சேர்ந்தால், ஊரார் தம் பொறுப்புத் தீர்ந்ததென்று ஓய்ந்துவிடுவர். நாள்தோறும் ஒருவர் வாயிலில் வந்து கேட்டால், அயல்வீட்டு முதியவரை நாள்தோறும் நினைத்தே ஆகவேண்டும்.

உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைப் பொதுப்பணிக்கென எடுத்துவைக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. கடல்கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பும் பணம் கட்டடத்தை எழுப்பட்டும். மருத்துவருக்கும் ஊர்திக்கும் உதவட்டும். அதனோடு ஊரிலுள்ள ஒவ்வொரு வீடும் தன் பிடியரிசியையும், வாரத்தில் ஒரு நாழிகையையும் கொடுக்க வேண்டும். பெயர்ப்பலகையிற் பொறிக்கப்படாத அந்தப் பங்கே முதியவரின் தனிமையைத் தீர்க்கும். தாம் எழுப்பிய இல்லங்களில் தம் பெயரே இல்லாதிருந்தும் வருந்தாது வாழ்ந்த ஒருத்தியின் வரலாறு நமக்கு உணர்த்துவது அதுவே.