வைத்தியர் கிறீனும் தமிழும்

எமது கல்லூரியோடு தொடர்பில்லாத ஒருவரின் வரலாறு நூற்றாண்டு மலரில் ஏன் என்று சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும். எம்மிற் பலர் இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளிலே தாதியராயிருக்கிறோம். சிலர் கண்ணிவெடி அகற்றும் குழுக்களிலே வெள்ளைக்காரரோடும் சிங்களச் சகோதரரோடும் வேலை செய்தோம். சிங்களம் மட்டுந் தெரிந்த வைத்தியருக்கும் தமிழ் மட்டுந் தெரிந்த ஆச்சிக்கும் நடுவே நின்று, நோவு எங்கே, எப்படி என்று இரு பக்கமும் சொல்லிக் களைத்தவர்களும் எம்மில் உண்டு. அந்த நடுவிடத்தில் எமக்கு முன்னே நின்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கிலே வைத்தியம் பயின்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் படித்தார். மறுவருடம் மானிப்பாயிலே வைத்திய வேலையையும், சிறு வகுப்பொன்றையும் தொடங்கினார். வகுப்பு ஆங்கிலத்திலேதான் நடந்தது.

இங்கேதான் சிக்கல். நோயாளி பேசுவது தமிழ். மாணவன் படிப்பது ஆங்கிலம். படித்து முடித்தவன் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுப் போய்விடுவான். கிராமத்துக்கு வைத்தியர் வேண்டுமானால் வைத்தியம் தமிழிலே இருக்கவேண்டும் என்ற முடிவுக்குக் கிறீன் வந்தார். ஆங்கிலம் படித்தாற்றான் சம்பளம் என்றிருந்த காலத்தில் அது எல்லாருக்கும் இனித்த யோசனையல்ல. 1857இல் தாயகம் சென்று, 1862இல் மனைவியோடு திரும்பி வந்தவர், 1864 அளவிலே தமிழ் வகுப்பை நடத்தியே காட்டினார்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே! பிரசவ வைத்தியம் 1857இலேயே வந்துவிட்டது. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. இவை தனியொருவர் கைவேலையல்ல. சப்மன், டான்வேத் முதலிய பெயர்களைப் பார்த்து மயங்கவேண்டாம். அவர்கள் மிஷன் பள்ளிக்கூட வழக்கப்படி அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட எங்கள் ஊர்ப் பிள்ளைகள், கிறீனின் மாணவர்கள். அவர்கள் மொழிபெயர்க்க, அவர் சொல்லுக்குச் சொல் பார்த்துத் திருத்தினார்.

சொல் தெரிவதற்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழிலே சொல்லுண்டா என்று பார்ப்பது. இல்லையேல் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்து எழுதுவது. கெமிஸ்தம் அந்த மூன்றாம் வழியிற் பிறந்த பிள்ளை. அங்காதிபாதம் என்ற சொல்லையோ, கேசாதிபாதம் பாடிய மரபிலே வந்த எவரும் அந்நியமென்று சொல்லார். இன்று வாசிக்கும்போது வடமொழி சற்று அதிகமென்றே எமக்குப் படுகிறது. ஆயினும் அன்றைய படித்தவரின் தமிழ் அதுவே. நோயாளியின் திண்ணையிலே அந்த வைத்தியன் வாய் திறந்து பேசமுடிந்தது.

உடையிலும் அவருக்கு இதே எண்ணந்தான். வைத்தியம் படித்ததற்காக மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழராயிருந்தே வைத்தியராகட்டும் என்றார். தம் சமயத்தைப் பரப்ப வந்த ஒருவர் இவ்வளவு தூரம் விட்டுக்கொடுத்தது சிறிய காரியமல்ல.

அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் கற்றனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றனர்.

1873இல் நாடு திரும்பிய பின்னும் வேலை நிற்கவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கடல் கடந்து வூஸ்ரருக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே போய் வந்தன. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறுவருடம் மே மாதத்திலே கிறீன் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்று கல்லறையிலே பொறிக்கும்படி அவர் கேட்டிருந்தார். வூஸ்ரரிலே அவ்வாறே பொறித்திருக்கிறார்கள்.