ஆளுநர் ஆல்ட்கெல்ட்

1847இல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா சேர்ந்தவர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். உழவர் மகன், இளமையில் பள்ளி ஆசிரியர், பின்னர் வழக்கறிஞர், நீதிபதி. 1892இல் இல்லினாய் மாநில மக்கள் அவரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தனர். அயல்நாட்டில் பிறந்தவர் அங்கு அப்பதவி ஏறியது அதுவே முதன்முறை.

சிகாகோவில் 1886இல் தொழிலாளர் கூட்டமொன்றில் வெடித்த குண்டுக்காக நால்வர் தூக்கிலேறியிருந்தனர். மூவர் சிறையில் வாடினர். கருணை காட்டி விடுவித்திருந்தால் ஊர் வாழ்த்தியிருக்கும். அப்படிக் கோரிய பெரியமனிதரும் பலர். ஆல்ட்கெல்டோ வழக்கேடுகளைத் துருவிப் படித்தார். குற்றத்துக்குச் சான்றில்லை, ஜூரிகள் வேண்டுமென்றே பொறுக்கப்பட்டவர்கள், நீதிபதி நடுநிலை தவறியவர் என்று விரிவாக எழுதி, 1893 ஜூன் 26 அன்று மூவரையும் விடுவித்தார். ஏடுகள் தூற்றின, 1896 தேர்தலில் தோற்றார். 1902இல் மறைந்தார்.

ஆளுநர் மாளிகையின் அண்டை வீட்டில் வளர்ந்த சிறுவன் வேச்சல் லிண்ட்சே, பிற்காலத்தில் கவிஞராகி அவருக்கு இரங்கற்பா பாடினார்.